யார் சொன்னால் கெட்டிமேளம்

நான் வேலை பார்த்த கல்யாண மண்டபத்துக்குப் புதிதாக வந்திருக்கிற மேனேஜர் போன வாரம் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர்தான். காதில் ஒரு கருவி, இடுப்பில் ஒரு கருவி. உட்கார்ந்ததும் புலம்ப ஆரம்பித்துவிட்டார். இப்போதெல்லாம் மண்டபம் பேச வருகிறவர்கள் ஐயரும் வேண்டாம், ஓதுவாரும் வேண்டாம், எங்களுக்குப் பிடித்த ஆள் ஒருவரே நடத்திவைப்பார் என்கிறார்களாம். ஒரு ஜோடிக்கு ஆபீஸ் மேலதிகாரி. இன்னொரு ஜோடிக்கு ஜிம் மாஸ்டர். அந்த மாஸ்டர் மணவறையில் ஏறி, தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று இவர் முகத்தைப் பார்த்தாராம். இதற்கு என்ன வழி என்று என்னைக் கேட்கிறார்.

வழியாம் வழி. இந்தத் தலைவலியை ஆயுசு முழுக்கச் சுமந்துவிட்டு இப்போதுதான் காலையில் ஆற அமரக் காப்பி குடிக்கிறேன். அந்தக் காப்பியிலும் வந்து கல்யாணத்தைக் கலக்கினால் எப்படி? இருந்தாலும் தேடிவந்த மனிதரைச் சும்மா அனுப்ப மனசு வரவில்லை. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அந்த மண்டபத்தில் சேர்ந்தது பாத்திரக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ள. அண்டா, தவலை, கரண்டி என்று சில வருஷம் போனது. அப்புறம் பந்தி மேற்பார்வை. முன்பிருந்த மேனேஜர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட, சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

முதலாளிக்கு அரிசி வியாபாரம். மண்டபம் பாளையங்கோட்டைக்குப் பக்கத்து வண்ணாரப்பேட்டையில். முகூர்த்த நாளில் காலையிலேயே வந்து, சமையல்கட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொன்னையில் சாம்பார் வாங்கி ருசி பார்ப்பார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அதுதான் வினை. எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் முழுசாகக் கேட்பார். தொன்னையைக் கீழே வைப்பார். வாயைத் துண்டால் ஒற்றிக்கொள்வார். பிறகு, "பாத்துச் செய்யும்வே" என்பார். அவ்வளவுதான் உத்தரவு. காரியம் சரியாகப் போனால், நான்தான் சொன்னேனே என்பார். கெட்டுப்போனால், உம்மைப் பார்த்துத்தானே செய்யச் சொன்னேன் என்பார். இந்த மனிதரிடம் எதற்குப் போய்க் கேட்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த தடவையும் போய்க் கேட்பேன்.

மண்டபம் பேச வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடத்திவைக்கப் போவது யார் என்பதைத்தான். மற்றதெல்லாம் அப்புறம். ஐயர் என்றால் ஓமத்துக்குச் செங்கலும் மணலும் வேண்டும், மணவறைக்கு மேல் மின்விசிறி ஓடக்கூடாது. ஓதுவார் என்றால் மைக் நன்றாக இருக்க வேண்டும், பாதியில் கொரகொரத்தால் அவர் முகம் சுருங்கிவிடும். கட்சித் தலைவர் என்றால் தொலைந்தோம். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஒரு தலைவர் வந்தார். மைக்கைப் பிடித்து ஆற்றுமணல், அணைக்கட்டு, எதிர்க்கட்சி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, பெண்ணின் அப்பா பெயரைச் சொல்லி மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டுப் போனார். பகுத்தறிவுக் கல்யாணம் என்று பத்திரிகையிலேயே அச்சடித்திருந்த வீடு அது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தனித்தனியே என் காதருகே வந்து, ராகு காலத்துக்கு முன்னால் எப்படியாவது முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். நான் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

பந்தி பரிமாறுகிற ஆட்களிடம் நான் கறாராக இருந்தது ஒரு விஷயத்தில். அவர்கள் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வரவே கூடாது. பாயசம் அண்டாவைச் சுரண்டித் தீர்ந்திருந்தாலும், "இந்தா வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் இல்லை என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்கே இல்லாமை வந்துவிடும் என்கிற பயம் நம் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறினது. அப்பளம் இல்லை என்று ஒரு ஆள் வாய்தவறிச் சொல்லப்போய், பெண்ணின் அத்தை இலையை மூடிவிட்டு எழுந்தாள். அவளைச் சமாதானம் செய்து உட்காரவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது கெட்டிமேளம். தாலி ஏறுகிற நேரத்தில் எவனாவது தும்முவான், பிள்ளை வீறிடும், இரண்டு பங்காளிகள் ஒருவரையொருவர் வைவார்கள். கூடாத சத்தம் ஒன்றும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த முழக்கம். ஆனால் எங்கள் மண்டபத்தைக் கட்டின புண்ணியவான் மேளக்காரர் மேடையை ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் மணவறை தெரியாது. போட்டோக்காரர்கள், வீடியோக்காரர்கள் முதுகுதான் தெரியும். நடத்திவைப்பவர் கெட்டிமேளம் என்று கத்தினாலும் கூட்டத்து இரைச்சலில் அங்கே கேட்காது. அதனால் நான் ஹாலுக்கு நடுவே, இரண்டு பக்கமும் பார்வைக்கு விழுகிற இடத்தில் நிற்பேன். நடத்திவைப்பவர் சொன்னதும் என் தோளில் கிடக்கிற சிவப்புத் துண்டை எடுத்து உயர்த்துவேன். துண்டு மேலே போனால் தவில் விழும். தவில் விழுந்தால் ஜனங்கள் அட்சதை போடுவார்கள்.

இதிலும் என் உயிரை வாங்கியவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா துபாயிலிருந்து திரையில் தோன்றி நடத்திவைத்தார். சரியாகத் தாலி எடுக்கிற நேரத்தில் இன்டர்நெட் நின்றுபோய், மனிதர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டார். மாப்பிள்ளை தாலியோடு நிற்கிறான், நான் துண்டோடு நிற்கிறேன், சித்தப்பாவின் வாய் மூடுவதாகக் காணோம். கடைசியில் பெண்ணே, "கட்டுங்க, அவரு பொறவு வருவாரு" என்றாள்.

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவே என் பிராணனை எடுக்காத ஒரே ஆள் வேலாயுதம். மின்வாரியத்தில் லைன்மேன். ஒரு கூட்டாளியின் கல்யாணத்துக்கு வரவேண்டிய தலைவர் வராமல் போக, நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்று தாலியை அவர் கையில் திணித்ததில் தொடங்கியது. பிறகு பேட்டை, டவுண், மேலப்பாளையம் பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ அவரைத் தேடி வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார். பொன்னாடை வாங்கமாட்டார். காப்பி ஆறுவதற்குள் பேச்சை முடித்துவிடுவார். எந்தக் கல்யாணமானாலும் அதே பேச்சுத்தான். வீட்டில் சண்டை வரும், வரட்டும், ஆனால் இரண்டு பேரில் ஒருவர் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும் என்பார். அந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பதற்காகக் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு குரலைத் தாழ்த்தி, முதலில் பெண்ணிடம், அப்புறம் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்பார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் மகள் தேன்மொழியோடு மண்டபத்துக்கு வந்து நின்றார். தேன்மொழி பாளையங்கோட்டையில் நர்ஸ். அவளுக்குத்தான் கல்யாணம். நான் வழக்கம்போல் வேலாயுதத்தைப் பார்த்தே பேசினேன். காலை முகூர்த்தமா என்று கேட்டேன். "இல்ல" என்றார். அப்படியானால் சாயங்காலமா என்றேன். "இல்ல" என்றார். முகூர்த்தமே இன்னும் குறிக்கவில்லையா என்றேன். "இல்ல, இல்ல" என்றார் முகம் மலர. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே சமையல்காரன் நிற்கிறான், பந்தல்காரன் நிற்கிறான், இவர் என்னை வைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

தேன்மொழிதான் சொன்னாள். வாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு அந்த ஒரு சொல்தான் வருகிறது. ஆமாம் என்பதற்கும் அதுதான், தண்ணீர் வேண்டும் என்பதற்கும் அதுதான். அறிவெல்லாம் பழையபடி தெளிவு, நாம் பேசுவது அத்தனையும் புரியும், சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வரும்போது அந்தச் சொல்லாக மாறி விழுகிறது. தொனியையும் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றாள்.

நடத்திவைக்கப் போவது யார் என்று அவளிடம் கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"எங்கப்பாதான் மாமா. ஊர்ல உள்ள பிள்ளையளுக்கெல்லாம் அப்பா தாலி எடுத்துக் குடுத்தாவ. எனக்கு வேற யாரும் எடுத்துக் குடுத்தா நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

வேலாயுதம் தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக "இல்ல" என்றார். தொனியைக் கேட்டால் அது ஆமாம்தான்.

மாப்பிள்ளை செந்தில் களக்காட்டுக்காரன். அவனுக்கு இதில் முழுச் சம்மதம். அப்பாவைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்த பையன், பெரியப்பா வளர்த்தது. அந்தப் பெரியப்பாதான் எனக்கு வந்து வாய்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். காட்டுப்பன்றி இறங்கி வாழைத்தோட்டத்தை அழித்த வருஷத்தில்கூட அந்தப் பையனின் படிப்பை நிறுத்தாதவர். ஆனால் பயந்த மனிதர். பயந்த மனிதரைச் சமாளிப்பதைப்போலக் கழுத்தறுப்பு வேறு கிடையாது.

"கல்யாண வீட்டுல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு இல்ல, இல்லன்னு சொல்லுததா? எங்க பிள்ள வாழ வேண்டாமாவே?" என்று கேட்டார்.

அந்தச் சொல்லைப் பந்தியில் எடுத்த ஆளை ஓட ஓட ஏசுகிறவன் நான்தானே.

நடுவில் மாட்டிக்கொண்டு நான் சொல்லிப் பார்க்காத யோசனை இல்லை. அப்பா பேசாமல் தாலியை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும் என்றேன். பெரியப்பா சரி என்றார். தேன்மொழி முடியாது என்றாள். பேசாமல் எடுத்துக் கொடுத்தால் அது அப்பா நடத்திவைத்த கல்யாணம் ஆகாது, சம்மதம் கேட்க வேண்டும் என்றாள். சரிதான், அப்பனுக்குப் பிறந்த பிள்ளை. முதலாளியிடம் போய்க் கேட்டேன். தொன்னையைக் கீழே வைத்தார், வாயை ஒற்றிக்கொண்டார். என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் எனக்கு ஒன்று தோன்றியது. வேலாயுதம் பேசின பழைய கல்யாண வீடியோக்கள் எத்தனையோ பேர் வீட்டில் இருந்தன. அதில் ஒன்றிலிருந்து குரலை எடுத்து ஸ்பீக்கரில் விட்டுவிட்டு, அவர் மைக்குக்கு முன்னால் நின்றால் போதும். பெரியப்பாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலாயிற்று. தேன்மொழிகூட அரைமனசாகத் தலையசைத்தாள். முந்தின நாள் மாலையில் ஹாலில் போட்டுப் பார்த்தோம். கணீரென்ற குரல். ஃபியூஸ் இடம் வந்ததும் ஸ்பீக்கருக்குள் பழைய கூட்டம் சிரித்தது. வேலாயுதம் அதுவரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பைய நடந்துபோய், சுவரிலிருந்த பிளக்கை இடது கையால் பிடுங்கிப் போட்டார். "இல்ல" என்றார். அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாப் பக்கமும் கதவை அடைத்தால் நான் எந்தப் பக்கம் போவது? அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். வேலாயுதம் வாயைத் திறந்ததும் நான் துண்டைத் தூக்கிவிட வேண்டுமாம். மேளம் முழங்கட்டும், அந்தச் சத்தத்துக்குள்ளேயே தாலியைக் கட்டிவிடலாம், அவர் சொல்வது யார் காதிலும் விழாது, அவருக்கும் மரியாதை, நமக்கும் நிம்மதி என்றார். கேட்பதற்கு நியாயம்போலவே இருந்தது. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. கெட்டிமேளம் கூடாத சத்தத்தை மறைக்க. பெற்ற அப்பன் மகளிடம் சம்மதம் கேட்பது கூடாத சத்தமா? வாய்வரைக்கும் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, நடத்திவைப்பவர் சொல்லாமல் என் துண்டு மேலே போகாது, இதை நான் யாருக்காகவும் மாற்றினதில்லை என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன் என்று பெரியப்பா விறைப்பாகப் போனார். போகட்டும், அவரும் ஒரு தடவை அனுபவிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்தவர் முகத்தில் வெற்றிக் களை. "மொதலாளியே சொல்லிட்டாவ, பாத்துச் செய்யுங்கன்னு" என்றார். அந்த இரண்டு வார்த்தையைத் தனக்குக் கிடைத்த அனுமதி என்று எடுத்துக்கொண்டுவிட்டார் மனிதர்.

மறுநாள் ஹால் கொள்ளவில்லை. வேலாயுதம் நடத்திவைத்த ஜோடிகள் பெரிய பெரிய பிள்ளைகளோடு வந்து முன்வரிசைகளை நிறைத்திருந்தார்கள். வேலாயுதம் வெள்ளை வேட்டி சட்டையில் மணவறையில் நின்றார். அவர் மனைவி வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பெரியப்பா வந்து என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தள்ளி நில்லும்வே என்று சொல்லவும் முடியாது, சம்பந்தி வீட்டுப் பெரியவர்.

வேலாயுதம் மைக் முன்னால் வந்து, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவர் அதைப் பொருட்படுத்தாமல் மேலே பேசப்போனார். "இல்ல, இல்ல இல்ல…" பெரியப்பா என் முழங்கையை இடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அடுத்தபடியாக அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் தோளில் கிடந்த துண்டை உருவி, தானே தலைக்கு மேல் உயர்த்திவிட்டார்.

தவில் விழுந்தது. நாகசுரம் கூடவே எடுத்தது. ஹாலிலிருந்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் அட்சதையை வீசித் தீர்த்தார்கள். தாலி தட்டிலேயே இருக்கிறது. பெண் தலையில் அரிசி, மாப்பிள்ளை மடியில் அரிசி, வீடியோக்காரர் சட்டைக் காலருக்குள் அரிசி. குலவையிட்ட பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு, கட்டியாச்சா, இன்னும் கட்டவில்லையா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு கூத்து நடந்ததே கிடையாது. எனக்குத் தலை கொதித்துவிட்டது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, மேளக்காரர் மேடையில் ஏறி, தவில் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். கண்டவன் கையைப் பார்த்தெல்லாம் அடிப்பீரா என்று தவில்காரரைப் பிடித்து ஏசிவிட்டேன். பாவம், அவர் துண்டைத்தான் பார்த்தார். அத்தனை முதுகுக்கு நடுவே அது யார் கையில் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

மேளம் அடங்கின பிறகுதான் தெரிந்தது, வேலாயுதம் நிறுத்தவே இல்லை என்பது. அத்தனை முழக்கத்துக்குள்ளும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அரிசியை உதற வீடியோக்காரர் ஒதுங்கியதில் முதுகுகளுக்கு நடுவே மணவறையும் அங்கிருந்து தெரிந்தது. "இல்ல இல்ல, இல்ல…" என்று குரல் ஏறியது, இறங்கியது, எட்ட இருப்பவர்களைப் பார்த்து ஒருமுறை, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து ஒருமுறை. அது அதே பேச்சு. சொல்தான் போய்விட்டது, மற்றது அத்தனையும் இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஃபியூஸ் இடம். பக்கத்து ஜோடி சிரித்தது, அதற்கடுத்த ஜோடியும் சிரித்தது. விஷயம் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் காதில் சொல்ல, ஹால் முழுக்கச் சிரிப்பு பரவியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தவிலின் மேல் வைத்த கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, வேலாயுதம் மகள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல?"

"சம்மதம்ப்பா" என்றாள் தேன்மொழி.

மாப்பிள்ளையிடம் கேட்டார். பையன் படபடப்பில் தலையை மட்டும் ஆட்டினான். வேலாயுதம் விடுவாரா. இன்னொரு தடவை, கொஞ்சம் அதட்டலாகவே "இல்ல?" என்றார். "சம்மதம் மாமா" என்றான் செந்தில்.

மனைவி தாங்கிப் பிடிக்க, வலது கையாலேயே தாலியை எடுத்துக் கொடுத்தார். செந்தில் அதைக் கழுத்தருகே கொண்டுபோனான். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அந்த நேரத்தில் மணவறையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று என் ஆயுசில் நான் கேட்டதில்லை, மேளம் கேட்கவிட்டதில்லை. அன்றைக்கு மைக் வழியே கேட்டது. "பைய, முடி மாட்டுது" என்றாள் தேன்மொழி.

அதற்குள் பெரியப்பா மூச்சு வாங்க என்னிடம் வந்துவிட்டார். கையில் என் துண்டு. மேளம் எங்கே, மேளம் இல்லாமலா எங்கள் பிள்ளை தாலி கட்டுவது என்று பதறினார். வேண்டாத நேரத்தில் அடிக்கவைத்ததும் இவர்தான், இப்போது அடி அடி என்று நிற்பதும் இவர்தான். தவிலிலிருந்து கையை எடுத்து, துண்டை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"நடத்திவைக்கிறவரு சொல்லட்டும்வே" என்றேன்.

வேலாயுதம் போட்டோக்காரர்களின் முதுகைத் தாண்டி எங்கள் பக்கம் பார்த்தார். இடது கையை உயர்த்தினார். மைக்கில், பழைய கணீர்க் குரலில், "இல்ல" என்றார்.

நான் துண்டைத் தூக்கவில்லை. அதற்கு முன்பே தவில் முழங்கிவிட்டது.